அண்ணன் லோரிக்கு மாட்டிய இரண்டு கார் காற்றாடிகள்

விளக்கு பச்சைக்கு மாறிவிட்டது. அம்மன் நகரவில்லை.

கூலாய் நகரின் பெரிய சாலையில், பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே, காலை பத்து மணி வெயிலில் எங்கள் தாமான் குடியிருப்பு மாரியம்மனின் திருவிழா ஊர்வலம் அப்படியே நின்றது. ரதம் என்றதும் மரச் சக்கரமும் வடமுமாக ஒரு தேரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ரதம் என் அண்ணன் சேகரின் மூன்று டன் லோரிதான். பின்தட்டில் அம்மன், இருபுறமும் தெர்மோகோல் அன்னங்கள், சுற்றிலும் வண்ண விளக்குகள், லோரியின் முகப்பை மூடிச் சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்த புதுத் துணி. துணி மட்டும் எங்கள் மகளிர் குழுவின் உபயம்.

லோரிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அதைச் சாம்பிராணி என்று நினைத்து இரண்டு கைகளாலும் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் பச்சை நிறத் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடி வந்து என் வெறுங்காலைச் சுட்டுவிட்டது.

அண்ணன் இறங்கினார். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்புக் கயிறு, நெற்றி முழுக்க வியர்வையில் கரைந்த திருநீறு. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பின்னால் ஹாரன் சத்தம். எல்லோரும் லோரியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள்.

நான் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லு. வெரதம் ஒழுங்காத்தான் இருந்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

ஏன் அப்படிக் கேட்டேன்

என் அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பற்றி அவரே மறைக்காமல் பேசுவார் என்பதால் நானும் எழுதுகிறேன். ஒரு திருவிழாவின்போது ரதத்துக்கு லோரி கிடைக்காமல் கோயிலில் தவித்தார்கள். அண்ணன் தன் லோரியைத் தருவதாகச் சொன்னார். "லோரி சரி, ஓட்டறவரு சுத்தமா இருக்கணுமே" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு விட்டவர்தான். திருவிழா முடிந்தும் தொடவில்லை. அடுத்த வருஷமும் அவர்தான் ஓட்டினார். அதற்கடுத்த வருஷமும்.

எங்கள் கோயிலில் ரதம் ஓட்டுகிறவருக்கும் பூசாரியைப் போலக் காப்புக் கட்டுவார்கள். கட்டிய நாளிலிருந்து ஒருவேளைச் சோறு, அதுவும் சைவம், பாய்ப் படுக்கை, காலில் செருப்பு இல்லை. அந்தக் கயிறு கையில் இருக்கும் நாட்களில் அண்ணன் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். ஒன்பது வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டினார்.

பத்தாவது வருஷம் நடுரோட்டில் நின்றது. நிர்வாகத்தார் வேறொரு லோரியை வரவழைத்தார்கள். சாலையோரத்திலேயே அம்மனை மாற்றி ஏற்றினார்கள். அலங்காரம் செய்ய நேரமில்லை. ஒரே ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு அந்த லோரி ஊர்வலத்தை நல்லபடியாக முடித்துக் கொடுத்தது.

சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கப் பேச்சு. சேகர் விரதத்தை முறித்துவிட்டார், அதனால்தான் அம்மன் அவர் வண்டியில் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் சொன்னார்கள்.

வேலைக்குப் போனால் கொதிக்காத வண்டி

அந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது லோரியேதான்.

அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளும் உர மூட்டைகளும் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறார். திருவிழா முடிந்த மறுநாளே அதே லோரியில் உரம் ஏற்றிக்கொண்டு தொலைவிலுள்ள மெர்சிங் வரை போய் வந்தார். மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கியும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம், ஒருநாள்கூடக் கொதிக்கவில்லை. உரத்தைச் சுமந்தால் ஒன்றும் ஆவதில்லை, அம்மனைச் சுமந்தால் மட்டும் கொதிக்கிறது என்றால் ஊர் என்ன நினைக்கும்?

அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். தண்ணீர் பம்பை மாற்றினார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். நல்ல உடம்பை ஒவ்வொரு டாக்டரிடமாகக் காட்டிக்கொண்டிருந்த மாதிரிதான். கடைசியில், அடுத்த திருவிழா நெருங்கும் சமயம், ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று தன் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"விமலா, இஞ்சின் சுத்துனாத்தான் காத்தாடி சுத்தும். ரதம் நட வேகத்துல போவுது. இஞ்சின் மெதுவா சுத்துது, காத்தாடியும் மெதுவா சுத்துது. காத்து பத்தல. அதான் கொதிச்சிருக்கு. கரண்டுல சுத்தற காத்தாடி போட்டா இஞ்சின் எப்படி சுத்துனாலும் அது பாட்டுக்கு ஒரே வேகத்துல சுத்தும்லா."

எனக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது. செனாயில் வண்டிகளுக்கான வயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தரப் பரிசோதனையில் இருந்தவள் நான். அந்தக் கதைகளை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு தொட்டுப் பார்க்க ஒரு வயர்கூடக் கிடைக்காமல் வீட்டு சுவிட்சுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சொன்னதில் ஓர் ஓட்டை இருந்தது. முந்தைய ஒன்பது வருஷமும் இதே லோரி, இதே நடை வேகம், இதே வெயில். அப்போது ஏன் கொதிக்கவில்லை? கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். காற்றாடி மாட்டினால் இந்த வருஷம் மறுபடியும் ரதம் ஓட்டக் கேட்கலாம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைத் தவிர அவரிடம் அப்போது வேறு எதுவும் இல்லை.

பாதிக் கார்கள் விற்கும் கடை

எங்கள் பக்கத்தில் ஹாஃப்-கட் கடை என்றால் தெரியாதவர் இல்லை. ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் கொண்டு வந்து வைத்திருப்பார்கள். விளக்கு, இஞ்சின், ரேடியேட்டர் எல்லாம் அப்படியே இருக்கும். முன்சீட்டோடு கார் முடிந்துவிடும். அடுக்கடுக்காக முகங்கள் மட்டும் நிற்கும் அந்தக் கடைக்குள் போனால் எனக்கு வெளியே வர மனமே வராது. ஒரு காரின் கண்ணாடியில் இன்னும் ஜப்பானிய எழுத்து போட்ட ஒரு சிறு தாயத்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையை மாட்டியவர் யாரோ, அவர் இப்போது எந்தக் காரில் போகிறாரோ என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

"சாமி கும்பிட வந்தியா, காத்தாடி பாக்க வந்தியா?" என்று அண்ணன் அதட்டினார்.

கடைக்காரர் ஆ லியோங் சீனர், ஆனால் தமிழர்களோடு தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் தமிழுக்கு இலக்கணம் தேவைப்படாது.

"லோரிக்கு கார் காத்தாடி போடவா? தங்காச்சி, லோரி இருவத்து நாலு வோல்ட். கார் பன்னண்டு. போட்டா பொக, அப்புறம் நெருப்பு!"

அது எனக்குத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு காற்றாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இருபத்து நாலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று சின்னதாகவும் ஒன்று பெரியதாகவும் இருந்தால் பங்கு சமமாக வராது, ஒன்று கருகிவிடும். இதை நான் சொன்னதும் ஆ லியோங் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரே ஏணி வைத்து ஏறி, ஒரே ரகக் கார் இரண்டைத் தேடி, இரண்டு காற்றாடிகளைக் கழற்றிக் கொடுத்தார்.

அவர் செய்த இன்னொரு காரியமும் சொல்ல வேண்டும். அண்ணன் கழற்றிக் கொண்டு வந்திருந்த பழைய காற்றாடியைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்தார். நடுவிலுள்ள கிளட்ச்சை அழுத்திப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கு. ஏன் மாத்தற?"

அண்ணன் கேட்காதது போல் காற்றாடிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

காகிதப் பரீட்சை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு முற்றத்தில் வேலையை ஆரம்பித்தோம். ரேடியேட்டரின் அகலத்தை அளந்து, அலுமினியத் தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி, காற்றாடிகளை அதில் பொருத்தி, ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டினார் அண்ணன். தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்விடும். அதனால் ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தார். வயர் வேலை என்னுடையது. ஃபியூஸ், காற்றாடிக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் ரிலே, தண்ணீர் சூடானால் தானாக முடுக்கிவிடும் சுவிட்சு. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். தொழிற்சாலைப் பழக்கம்.

முடுக்கினோம். இரண்டும் சுழன்றன. மீட்டரை வைத்துப் பார்த்தால் ஆளுக்குச் சரிபாதி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காற்று சரியான பக்கம் போகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. முகப்பில் ஒரு காகிதத்தைப் பிடிக்க வேண்டும். உள்ளே இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். நான் நாளிதழில் இரண்டு துண்டு கிழித்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வைத்தேன். இடப்பக்கத் துண்டு பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. வலப்பக்கத் துண்டு பறந்து போய் அண்ணன் முகத்தில் அடித்தது.

"இருவது வருஷம் செக்கிங்ல இருந்தியாம்!"

ஒன்றின் வயரைத் திருப்பி மாட்டியிருந்தேன். ஒரு காற்றாடி உள்ளே இழுக்க, மற்றது வெளியே தள்ள, இரண்டும் எதிரெதிர் வேலையைச் சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தன. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்காக இன்னொரு வயரையும் திருப்பி மாட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

சரிசெய்தேன். லோரியில் உர மூட்டைகளை ஏற்றி, செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் நடை வேகத்தில் போய் வந்தார். முள் அசையவில்லை. திரும்பி வந்ததும் இஞ்சினை அணைக்காமல் கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டு, ரிலேயைக் கவனித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் முகப்புக்கு வந்தேன். எனக்குக் காகித விளையாட்டு பிடித்துப் போயிருந்தது. துண்டுக் காகிதம் ஒட்டுகிறது, முழுத் தாள் ஒட்டுமா? ஒட்டியது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் ஒட்டியது. இப்படியே அன்றைய நாளிதழ் முழுவதையும் விரித்து ஒட்டவைத்துவிட்டு, கெட்டில் கூப்பிட்டதால் தேநீர் கலக்க உள்ளே போனேன்.

இரண்டாவது குவளையில் சீனி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனின் அலறல் கேட்டது.

"அலாமாக்! ஏறுது! விமலா, முள்ளு ஏறுது!"

ஓடிவந்தேன். லோரியின் முகப்பு முழுக்கக் காகிதம். ஒரு விரல் இடம் இல்லாமல் இறுக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எறங்குது... எறங்கிருச்சு. ரிலே எங்கயோ ஒட்டிக்கிச்சுன்னு நெனக்கிறேன்."

ரிலே இல்லை. கையில் காகிதத்தோடு நான் அப்படியே நின்றேன்.

தங்காக் துணி

லோரி நடுரோட்டில் நின்ற அந்தத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு மகளிர் குழுவோடு வேன் எடுத்துக்கொண்டு, துணிக்குப் பேர்போன தங்காக் ஊருக்குப் போயிருந்தேன். துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வருஷமும் லோரியின் முகப்பில் வெறும் மாலையும் வேப்பிலையும்தான் தொங்கும். கிரில்லின் துருப்பிடித்த கம்பிகள் படத்தில் அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்க வேண்டும் என்று சொன்னது நான். மெல்லிய துணி காற்றில் ஆடும் என்று மற்றவர்கள் சொன்னபோது, கனமான வெல்வெட்டை, அதுவும் உள்ளே லைனிங் வைத்து எடுத்ததும் நான். ஊர்வலத்தன்று விடியற்காலையில் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினதும் இந்தக் கைதான்.

சாலையில் ஆவி வந்ததும் முதல் வேலையாக அந்தத் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டார்கள், சாமித் துணி நனையக் கூடாதே என்று. அதன் பிறகு லோரி எப்படிக் கொதிக்கும்? மெர்சிங் என்ன, அதற்கு மேலும் போயிருக்கும்.

லோரியின் மூச்சைக் கட்டினவள் நான். அண்ணனிடம் போய் விரதம் இருந்தாயா என்று கேட்டவளும் நான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தேநீரைக் கொண்டு வந்து கொடுத்தேன். அவர் ரிலேயைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லா செஞ்சிருக்கம்லா" என்றார். நான் தலையாட்டினேன்.

கூட்டத்தில்

அடுத்த ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த வருஷம் ரதத்துக்கு யாருடைய லோரி என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணன் வரவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. கோயில் தலைவர் வேறொருவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தபோது நான் எழுந்தேன்.

தங்காக்கில் ஆரம்பித்து நாளிதழ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அம்மன் கோவிச்சுக்கலன்றியா?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"அம்மனுக்கு ஒன்னும் இல்லக்கா. லோரிக்குத்தான் மூச்சு முட்டிருச்சு. அண்ணன் மேல பேசினத எல்லாரும் திருப்பி எடுத்துக்கணும். நானுந்தான்."

தலைவர், சேகரிடம் தானே போய்க் கேட்பதாகச் சொன்னார். சுமை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மதியம் அண்ணன் வந்தார். சமையலறை வாசலில் நின்றார்.

"தலைவரு வந்தாரு. நீ கோயில்ல சொன்னியாமே."

"ஆமாண்ணே."

"ஊருக்கே சொன்ன. எங்கிட்ட சொல்லல."

"ஒன் மொகத்தப் பாத்து சொல்ல தைரியம் வரலண்ணே. மன்னிச்சிரு. துணி கட்டினது நான்தான்."

"துணிய விடு. அது தெரியாம செஞ்சது. நானுந்தான் அன்னிக்குப் பாத்தேன். சாமித் துணின்னு தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் வண்டியில ஏறினேன். எனக்கும் தோணலையே. ஆனா ரோட்டுல வெச்சு என்னக் கேட்டியே விமலா. அதுவும் தெரியாமத்தான் கேட்டியா?"

பதற்றத்தில் கேட்டுவிட்டேன் என்று ஒரு பதில் என்னிடம் தயாராக இருந்தது. அவர் என் அண்ணன். பத்து வருஷம் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவரை நம்ப எனக்கு ஒரு நாளிதழ் தேவைப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லண்ணே. தெரிஞ்சுதான் கேட்டேன். நீ குடிச்சிருப்பன்னு நெனச்சேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்தார்.

"என்ன கொழம்பு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவர் என் வீட்டில் கை நனைக்கவே இல்லை. வருவார், வாசலில் நின்று பேசுவார், போய்விடுவார். வேலை அவசரம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மீன் கொழம்புண்ணே" என்றேன். தட்டை எடுக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது.

"அழாம சோத்தப் போடு. வர்ற வெள்ளிக்கெழம எனக்குக் காப்புக் கட்டறாங்க. அதுக்கப்புறம் மீனு எங்க சாப்புடறது?"